ஆலிலை தாங்கிய எடை

ஏழுலகையும் ஒரு கவளமாக உண்டு, ஊழி வெள்ளத்தின் நடுவே ஓர் ஆலிலைமேல் பச்சிளங் குழந்தையாய்க் கண்வளர்ந்தவனே, உன் திருவடியை முன்னிட்டே இந்த நாற்காலியில் சாய்கிறேன். மலைகள் உன் வயிற்றில் இருந்தன, கடல்கள் இருந்தன, காடும் நாடும் யானையும் எறும்பும் இருந்தன. அத்தனையும் சுமந்த உன்னை ஒற்றை இலை சுமந்தது, அதன் நுனிகூட நனையவில்லை. மார்கழி தோறும் சர்க்கரை ஆலைக் குடியிருப்புக் கோயிலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இவ்விடத்தில் சற்று நிறுத்துவேன். கேட்பவர் முகங்களில் வியப்பு ஊறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சிறு கர்வம் உண்டு. அந்த எடையெல்லாம் எங்கே போயிற்று என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. இன்று அந்தக் கேள்வி உள்ளே எங்கோ முள்ளாய்த் தங்கியிருக்கிறது. "கையை நீட்டுங்க ஐயா, சுருக்குன்னு இருக்கும், பெருமாளைக் கும்பிட்டுக்கங்க" என்கிறாள் மரிய ஜெபா, டயாலிசிஸ் எந்திரத்தை ஓட்டும் பெண், கழுத்தில் சிறு சிலுவையோடு. ஊசி இறங்குகிறது. என் இரத்தம் என் கையை விட்டுக் குழாயில் ஏறுகிறது. சிவந்த கோடாய் வளைந்து, எந்திரத்துக்குள் புகுந்து, கழுவப்பட்டு, இன்னொரு குழாய் வழியே எனக்கே திரும்பி வருகிறது. சிறுநீரகங்கள் ஓய்ந்துபோன மூன்றாண்டுகளாகச் செவ்வாயும் வெள்ளியும் இதுவே என் சேவாகாலம். நாலு மணி நேரம். இன்றோடு முடிந்தது. ஊசியைக் கழற்றியதும் என் மனைவி கனகவல்லியை அருகே அழைத்து, இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிடுவேன். வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருக்கிறேன்: "போதும், பூமிக்குப் பாரமாக இருந்தது போதும்." எளிய வாக்கியம், குரல் நடுங்காமல் சொல்லிவிடலாம்.

ஏன் என்று கேட்பாள். அவளுக்கே தெரியாதா? இரண்டு மாதமாக இரவில் என்னால் படுக்க முடிவதில்லை. தலை தலையணையைத் தொட்டதும் நெஞ்சுக்குள் வெள்ளம் ஏறுகிறது, மூச்சு பாதியில் நின்று கரை தேடுகிறது. அவள் எழுந்து என் முதுகுக்குப் பின்னே தலையணைகளை அடுக்குகிறாள், அவை சரிகின்றன, கடைசியில் தன் முதுகையே சுவராக்கி என் முதுகோடு முதுகாய் அமர்ந்துகொள்கிறாள். அப்படியே இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்தபடி விடியலுக்குக் காத்திருக்கிறோம். கால்கள் வீங்கிவிட்டன, விரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் மூடாமல் கிடக்கிறது. அந்தக் குழியில் ஒரு நாள் உற்றுப் பார்த்தேன், மேலிருந்து ஓலை வந்துவிட்டது என்று தோன்றியது. அழைப்பவன் அவன், போக மறுக்கும் உடலை எந்திரத்தில் கட்டிவைத்து இழுத்துப் பிடிப்பது எனக்கே பேராசையாகப் பட்டது. பூமிப்பிராட்டி பசுவின் உருவெடுத்துப் போய்ப் பாற்கடலின் கரையில் நின்று, பாரம் தாங்கவில்லை என்று கண்ணீர் விட்டாளே. அந்தப் பாரத்தில் என் பங்கும் ஒரு பிடி இருக்குமல்லவா? விடியற்காலையில் புறப்படும்போதே "இன்றைக்கு உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "சொல்லுங்க" என்றாள். "வந்து சொல்கிறேன்" என்றேன். "அதுவரைக்கும் எனக்கு என்னன்னு அடிச்சுக்கும், போங்க" என்று என் சால்வையை உதறி மடித்தாள். அவளுடைய இடது கை தோளுக்குமேல் எழவில்லை. அப்போது அதைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

வந்ததும் எடை பார்ப்பது இங்கே முதற் சடங்கு. கதவோரம் தரையோடு தரையாய் ஓர் எடை எந்திரம். அதில் ஏறி நிற்க வேண்டும். உடம்பில் மிகைநீர் இல்லாவிட்டால் ஒருவர் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை இங்கே ட்ரை வெயிட் என்பார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு கிலோ. அதற்குமேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் நீர். அதை எந்திரம் உறிஞ்சிவிட வேண்டும். மரிய ஜெபா எதிர்ச்சுவரில் குழாய்களைப் பூட்டியபடி, திரும்பிப் பார்க்காமலே "எவ்வளவுங்க அம்மா?" என்று கூவினாள். என்னோடு நின்ற கனகவல்லி குனிந்து படித்து, "அறுவது புள்ளி நாலும்மா" என்றாள். அவள் குரலில் தேர்வில் தேறிய பெருமை. பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே ஊசி ஏற்றிக்கொண்டு கிடந்த கமாலுதீன் பாய், கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன ஸ்வாமி, ரெண்டே முக்கால் நாள்ல ரெண்டரை கிலோ பாவம் சேர்த்துட்டீங்க" என்றார். "பாவம் உங்களுக்கு, எனக்கு வெறும் தண்ணீர்" என்றேன். எனக்கும் அவருக்கும் இடையே நாற்காலி அளவு தூரமும், வாரத்துக்கு இரண்டு சண்டையும் உண்டு. அவர் இல்லாத நாளில் இந்த நாலு மணி நேரம் எட்டாகிவிடும்.

தண்ணீர். சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு மூன்று சிறு டம்ளர், காப்பியும் மோரும் உட்பட. பாற்கடலைப் பாயாக விரித்துக் கிடப்பவனைத் தியானிக்கிறவனுக்கு மூன்று டம்ளர். போன ஆவணியில் ஒரு முறை எடை தாறுமாறாக ஏறிவிட்டது. மரிய ஜெபா கனகவல்லியை நிற்கவைத்து, "அம்மா, பாசத்துல குடுத்துடுறீங்க, அது விஷம்" என்று கடிந்துகொண்டாள். கனகவல்லி சத்தியம் செய்தாள்: மூன்றுக்குமேல் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிதானமாக, காலையும் மாலையும் கோயிலில் தீர்த்தம் மட்டுமே வாங்கிக்கொண்டதாகச் சொன்னேன். "எவ்வளவு ஐயா?" பட்டர் அன்போடு சொம்பாகவே கொடுத்துவிடுவார், துளசி மணக்கும், பச்சைக் கற்பூரம் மணக்கும், அதைப் போய் அளப்பார்களா? தீர்த்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் வைப்பதா? அந்தப் பெண் சிரிக்காமல் ஓர் அளவுக் குவளையைத் தூக்கிக் காட்டி, "இருநூறு மில்லின்னா பெருமாள் குடுத்தாலும் இருநூறு மில்லிதான் ஐயா" என்றாள். கமாலுதீன் பாய் சிரித்த சிரிப்பில் அவருடைய எந்திரம் அலறி எச்சரிக்கை மணி அடித்தது. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அந்த வாக்கியத்தில் ஏதோ ஒரு திருத்தமான அழகு இருந்தது. அவன் தன் உலகத்தில் தனக்கும் சலுகை வைத்துக்கொள்ளவில்லை. தீர்த்தமாக வந்தாலும் நீர் தன் எடையைக் கொண்டுதான் வருகிறது. அன்றிலிருந்து தீர்த்தம் ஓர் உத்தரணிக் கரண்டி மட்டும்.

இன்று ஏனோ நானே தொடங்கினேன். குழாயில் ஓடும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, "பாய், நம்மாலே பூமித்தாய்க்கு எவ்வளவு சுமை பாருங்கள், ஒரு வேலைக்கும் ஆகாமல் தண்ணீரையும் கரண்டையும் தின்றுகொண்டு" என்றேன். அவர் தலையைத் திருப்பினார். "சுமைன்னு யாரு சொன்னா?" "எங்கள் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாரம் தாங்காமல் அவள் அழுதாள்." "அழுதிருக்கும். எடைக்காக அழுதிருக்காது. சரி, கேக்கறேன், நீங்க பொறந்தப்ப பூமியோட எடை ஏறுச்சா?" "ஏறாமல்? மூன்று கிலோவாவது ஏறியிருக்குமே." "அந்த மூணு கிலோ எங்கேருந்து வந்துச்சு? உங்கம்மா தின்ன சோறு, குடிச்ச தண்ணி, இழுத்த மூச்சு. எல்லாம் ஏற்கெனவே இங்க இருந்ததுதான். வீட்டுக்குள்ள பீரோவை இந்த ரூம்லேருந்து அந்த ரூமுக்கு நகர்த்தினா வீட்டோட எடை கூடுமா ஸ்வாமி?" நான் விடவில்லை. "கோடானுகோடி உயிர்கள் பெருகியிருக்கின்றனவே?" "பெருகட்டும். இந்தப் பீரோவை உடைச்சு அந்த நாற்காலி பண்ணியிருக்கு. மனுஷன், மாடு, மரம், எல்லாம் பூமி தன் பொருளைத் தானே எடுத்துப் போட்டுப் பார்க்கிற சட்டைங்க." "அப்படியானால் பூமியின் எடை மாறுவதே இல்லையா?" அவருக்கு வகுப்பறை நினைவு வந்துவிட்டது, ஊசி குத்தாத கை மேலே எழுந்தது. "மாறுது. ஆனா நம்மால இல்ல. மேலேருந்து ராப்பகலா தூசி விழுது, எரிகல் தூசி, தினம் பல டன். இன்னொரு பக்கம், ஹைட்ரஜன்னு ஒரு வாயு, எல்லாத்தைவிட லேசானது, மேலே மேலே போய் பூமியோட பிடியை விட்டுட்டு ஓடிடுது. விநாடிக்கு மூணு கிலோ போல. ஹீலியமும் கொஞ்சம். வரவை விட செலவு ஜாஸ்தி. பூமி இளைச்சுக்கிட்டுத்தான் வருது." மரிய ஜெபா எந்திரத்தின் எண்களைக் குறித்துக்கொண்டு கடந்தவள், "அப்ப பூமிக்கும் டயாலிசிஸா சார்?" என்றாள். "ஆமாம்மா. ஆனா அதைத் திட்டறதுக்கு நர்ஸ் இல்ல." அவள் போனபின் பாய் குரலைத் தணித்தார். "அதனால, நீங்க இன்னைக்கே போய்ச் சேர்ந்தாலும் பூமிக்கு ஒரு குந்துமணி எடை குறையாது. அவளுக்கு உபகாரம் பண்றதா நெனச்சு அவசரப்படாதீங்க." சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். இவருக்கு எப்படித் தெரிந்தது? முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? அல்லது இந்த நாற்காலியில் சாய்கிற எவருக்கும் என்றைக்காவது ஒரு நாள் இப்படி ஒரு வாக்கியம் அமைந்துவிடுமா?

குறையாது. ஒரு குந்துமணியும் குறையாது. இந்தச் சொல் எனக்கு அவமானமாக அல்லவா இருக்க வேண்டும். நான் விடுவித்துத் தருவதாக நினைத்த சுமை சுமையே அல்ல என்று ஆயிற்றே. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு சன்னல் திறந்தாற்போல் இருக்கிறது. பூமித்தாயின் மடியில் அவள் பிள்ளைகள் அவள் மண்ணையே உண்டு, அவள் மண்ணாகவே திரும்புகிறார்கள். இதில் ஏறுவதென்ன, இறங்குவதென்ன? ஆலைக்கு வந்து நின்ற கரும்பு வண்டிகள் நினைவில் வரிசையாக வருகின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகள் எடைமேடையில் அமர்ந்து கரும்பை நிறுத்தேன். கரும்பு மண்ணைத் தின்று கொழுக்கிறது என்றே எண்ணியிருந்தேன். பாய் ஒரு முறை சொன்னார், இல்லை, கரும்பின் பெரும் பாரம் காற்றும் நீரும்தான். காற்றிலிருந்து கரியை எடுத்து, வேர் தந்த நீரோடு சேர்த்து, வெயிலால் தைத்து, இனிப்பாக்கி வைக்கிறது. பத்து டன் கரும்பென்றால் பெரும்பகுதி மழையும் காற்றும்! நான் காற்றையா நிறுத்துக்கொண்டிருந்தேன்? அந்த வெயிலுக்கும் எடை உண்டா என்று கேட்டேன். உண்டு, செடி பிடித்துவைத்த ஒளிக்கும் நினைக்க முடியாத அளவு நுண்ணிய எடை உண்டு, எரித்தால் அதுவும் வெப்பமாகி வெளியேறிவிடும் என்றார். ஆலையில் சாறு பிழிந்த சக்கையைக் கொதிகலனில் எரிப்பார்கள்; புகைபோக்கி வழியே அது காற்றாகப் போகும்; அந்தக் காற்றை அடுத்த வயலின் கரும்பு குடிக்கும்; அது வெட்டப்பட்டு மறுபடி என் மேடைக்கே வரும். என் கண்முன் முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த லீலை நடந்திருக்கிறது, நான் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். என்னை எரிக்கும் நாளில் நானும் அப்படித்தான் போவேன்: பாதிக்குமேல் நீராவி, கொஞ்சம் காற்று, கையளவு சாம்பல். எங்கோ ஒரு தோகையில் பனியாய்த் தொங்குவேன். அஞ்ச ஏதுமில்லை. அஞ்ச ஏதுமில்லை என்று ஏன் இரண்டு முறை சொல்கிறேன்?

கை மரத்துப்போகிறது. எந்திரம் மெல்ல முனகுகிறது, தேனடையின் அருகே காது வைத்தாற்போல. இதைச் செய்தவன் யாரோ, அவன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். வண்டிக்காரர்கள்! எத்தனை விதமான மனிதர்கள், எத்தனை சாமர்த்தியம். முதலில் கரும்போடு நிறுப்போம், இறக்கியபின் வெறும் வண்டியை நிறுப்போம், கழித்தால் வருவது கரும்பு. வெறும் வண்டி எவ்வளவு இலேசாகக் காட்டுகிறதோ அவ்வளவு கரும்பு கூடும். ஆகவே திரும்பி வரும்போது ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே தரையில் நிறுத்திவிடுவார்கள், விரல்கடை அளவுதான், உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. அந்தச் சக்கரத்தின் பாரம் எங்கே போகும்? எங்கும் போகாது, பக்கத்துத் தரை அதை ஏற்றுக்கொள்ளும். மேடை பொய் சொல்வதில்லை, தன்மேல் வைத்ததை மட்டும் சொல்கிறது. அதனால் எண்ணைப் பார்க்கும் முன் எழுந்து போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். "பிரதட்சணம் வராரு எடைமேடை ஐயரு" என்பார்கள். நான் ஐயருமில்லை, நெற்றியில் நாமத்தைப் பார்த்து அவர்களாக வைத்த பெயர். கோதண்டம் என்றொரு டிராக்டர்க்காரன், நான் சுற்றி வரும்போது சக்கரத்தின்மேல் சாய்ந்து நின்று பல்லைக் குச்சியால் குத்திக்கொண்டிருப்பான். "ஏம்ப்பா, வண்டியோட காலு வெளியில கெடக்குதே" என்றால், "அதுக்கு வெக்கம் ஐயா, உங்க முன்னாடி முழுசா ஏற மாட்டேங்குது" என்பான். சிரிப்பு வருகிறது. சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

கதவுக்கு அப்பால் துணைக்கு வந்தவர்கள் அமரும் வராந்தா. பெண்களின் பேச்சு கேட்கிறது. கனகவல்லியின் குரல் நடுவில், எப்போதும்போல் இறங்கிய சுருதி. "ரெண்டு மாசமா இந்தத் தோளு ஒண்ணும் சரியில்ல, தைலம் தேய்ச்சு தேய்ச்சு ஒரு பாட்டில் தீர்ந்துடுச்சு." "வெயிட்டு கியிட்டு தூக்கினீங்களா?" "எங்கம்மா தூக்கறேன், கொடத்தைக்கூட தூக்கறதில்ல, மோட்டார்தான்." யாரோ சிரித்து, "அப்ப வீட்டுக்காரரைத் தூக்கறீங்களோ?" "அவரைத் தூக்கி எங்க வைக்கிறது, வைகுண்டத்துக்கே நடந்து போவேங்கறவரு." எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கப் போகிறேன், ஏதோ தடுக்கிறது. இரண்டு மாதம். தோள். எனக்கும் இரண்டு மாதம்தானே? ஏகாதசிக்குப் பிறகு ஒரு நாள் எந்திரத்திலிருந்து எழுந்ததும் தலை சுற்றி விழப்போனேன். அன்று அவள் ஓடி வந்து தோள் கொடுத்தாள். அதன்பின் எடை பார்க்கும்போதெல்லாம், வரும்போதும் போகும்போதும், அவள் என் வலப்பக்கம் வந்து நிற்கிறாள், என் கை தானாக அவள் தோளுக்குப் போகிறது. பழக்கம். அன்பு என்றும் சொல்லலாம். பாய் என்ன சொன்னார்? பீரோவை நகர்த்தினால் வீட்டின் எடை கூடுமா? குறையுமா? ஓர் இடத்தில் குறைந்தால்… ஆலிலை அமிழவில்லை. அந்த எடை எங்கே போயிற்று? கோதண்டம் பல்லைக் குத்திக்கொண்டு சக்கரத்தின்மேல் சாய்ந்து நிற்கிறான். ஏன் அவன் முகம் போக மாட்டேன் என்கிறது? வண்டியோட காலு வெளியில கெடக்குதே. வெளியில். தரையின்மேல். தோளின்மேல்.

பெருமாளே. என் கை மேடைக்கு வெளியே இருந்தது. இல்லை, இரு, நிதானமாக வண்டியைச் சுற்றி வா. ஐம்பத்தெட்டு என்று எண் காட்டும்போது நான் ஐம்பத்தெட்டு அல்ல. அவள் தோளில் எவ்வளவு வைத்தேனோ அவ்வளவு கூடுதல். ஒரு கிலோவா, இரண்டா? தலை சுற்றும் கிழவன் சாய்ந்தால் இரண்டு கூட இருக்கும். எந்திரம் எண்ணைத்தான் நம்புகிறது. ஐம்பத்தெட்டுக்குமேல் எண் காட்டிய அளவு நீரை எடுத்ததும் நிறுத்திவிடுகிறது. மிச்சம் இரண்டு கிலோ நீர் என்னோடு வீட்டுக்கு வருகிறது. எங்கே தங்கும்? காலில். நெஞ்சில். படுத்ததும் ஏறி வரும் அந்த வெள்ளம்! ஊழி வெள்ளம் என்று நினைத்தேனே, அழைப்பு என்று நினைத்தேனே, குழி விழுந்த காலில் ஓலை படித்தேனே! முப்பத்திரண்டு ஆண்டுகள் சக்கரம் பார்த்தவன். நான்தானா அந்த வண்டி? ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். வாழும் ஆசை இப்படியெல்லாம் தந்திரமாக வாதாடும்; கரை ஏற மனமில்லாதவன் கரையில் முள் இருக்கிறது என்பான். அவன் உண்மையிலேயே அழைத்திருந்தால்? அழைத்திருந்தால் அவனுக்கு என் கணக்கு எதற்கு. அழைப்பவன் கையைப் பிடித்து அழைப்பான், காலில் தண்ணீரைத் தேக்கி அழைக்க மாட்டான். இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஊசி குத்திய கை, மற்றொரு கை. மற்றொரு கையைப் பார்க்கிறேன், இதுதான் அது. இரண்டு மாதமாக இந்தக் கை சொல்லிக்கொண்டிருந்ததை அந்தத் தோள் மட்டும் கேட்டிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு, வாய் திறவாமல். இலை அமிழவில்லை என்று வியந்தார்களே தவிர, இலைக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மணி அடிக்கிறது, நேரம் முடிந்தது. இரத்தத்தின் கடைசிச் சிவப்பும் எனக்குள் திரும்பியபின் மரிய ஜெபா ஊசிகளைக் கழற்றிப் பஞ்சை அழுத்துகிறாள். கனகவல்லி உள்ளே வந்துவிட்டாள். கையில் என் செருப்பு, முகத்தில் விடியற்காலையிலிருந்து அடித்துக்கொண்ட நெஞ்சு. எடை எந்திரத்தின் முன் வந்து என் வலப்பக்கம் நிற்கிறாள். நான் ஏறுகிறேன். கை தானாகப் போகிறது, தோளில் அமர்கிறது. எத்தனை இயல்பு, பறவை கிளையில் இறங்குவதுபோல. அவள் குனிந்து, "அம்பத்தெட்டு, கரெக்டும்மா" என்கிறாள். "சூப்பர் ஐயா" என்கிறாள், அதற்குள் எதிர்ச்சுவர்ப் பக்கம் போய்விட்ட மரிய ஜெபா. "கனகா, தள்ளி நில்" என்கிறேன். "விழுந்துடுவீங்க." "விழ மாட்டேன், தள்ளி நில்." அவள் அசையவில்லை. கமாலுதீன் பாய் ஊசியைக் கழற்றிய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "விடுங்கம்மா, கல்யாணத்துக்கப்புறம் மொத தடவையா மனுஷன் தனியா நிக்கணும்கிறாரு" என்கிறார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் அரை அடி நகர்கிறாள். கையை எடுக்கிறேன். அறை ஒரு முறை சாய்ந்து நேராகிறது. எண்கள் ஓடுகின்றன. ஐம்பத்தொன்பதைத் தாண்டுகின்றன. அறுபது. அறுபது புள்ளி இரண்டில் நிற்கின்றன. கனகவல்லி எண்ணைப் படிக்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். "ஜெபாம்மா, இங்கே வந்து நீயே பார்" என்கிறேன். வருகிறாள். பார்க்கிறாள். என் கையையும் கனகவல்லியின் தோளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "ஐயோ. பிடிச்சுக்கிட்டா நின்னீங்க? எத்தனை நாளா?" "ரெண்டு மாசமா இருக்கும்" என்கிறாள் கனகவல்லி, திருடியவள் போல. "தலை சுத்துதுன்னு… தப்பாம்மா?" மரிய ஜெபா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். "நான் திரும்பிப் பார்த்திருக்கணும்மா. ஐயா, ராத்திரி மூச்சு வாங்குதா? படுக்க முடியலையா? ஏன் சொல்லல?" என்ன சொல்வது? அதை நான் வேறு யாருடைய குரல் என்றோ நினைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவள் அதற்குள் டாக்டரை போனில் அழைத்துவிட்டாள். வராந்தாவில் அவள் குரல் வேகமாகப் போய் வேகமாகத் திரும்புகிறது. "நாளைக்குக் காலையில வாங்க ஐயா, தண்ணி மட்டும் எடுப்போம். கொஞ்சம் கொஞ்சமா கரெக்ட் பண்ணிடலாம், ராத்திரி படுத்துத் தூங்கலாம்னு டாக்டர் சொல்றாரு. மூச்சு ரொம்ப முட்டினா உடனே கூட்டிட்டு வந்துடணும்மா. நாளைக்கு வருவீங்கல்ல?" கேள்வி என்னைப் பார்த்து வருகிறது. நாலு மணி நேரம் பதமாகக் காய்ச்சிவைத்த வாக்கியம் நாக்கின் கீழே கிடக்கிறது. பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். "எத்தனை மணிக்கு?" என்கிறேன்.

வெளியே வெயில். ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது கனகவல்லி, "காலையில என்னவோ சொல்லணும்னீங்களே" என்கிறாள். அவள் இடது தோளைப் பார்க்கிறேன். பழக்கத்தில் என் கை எழுகிறது, பாதியில் நிற்கிறது. "அந்தத் தைலம் எங்கே வைத்திருக்கிறாய்?" "எதுக்கு?" "இன்றைக்கு நான் தேய்த்துவிடுகிறேன்." "இதைச் சொல்லத்தானா அவ்வளவு பீடிகை?" என்று கேட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். திரும்பிய கன்னத்தில் ஈரம் இருக்கிறது, நான் சொல்ல இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. வானம் பளீரென்று இருக்கிறது. அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி எங்கள் தலைமேலும் இந்தத் தெருவின்மேலும் இறங்கிக்கொண்டிருக்கும். இங்கிருந்து இலேசானவை மேலேறிப் பிடிவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் நாங்கள் இருவரும் ஒரு குந்துமணியும் கூட்டாமல், ஒரு குந்துமணியும் குறைக்காமல், பூமித்தாயின் பொருளாகவே நிற்கிறோம். ஆலிலையே, நீ அமிழாததன் பொருள் எடை இல்லை என்பதன்று. தாங்குவது உனக்குப் பழகிவிட்டது என்பது. இதைக் கேட்டவர் யாராயினும் அவர்களுக்குச் சாயத் தோள் வாய்க்கட்டும்; தாங்கிய தோள்களுக்கு வலி தீரட்டும்; அவர்கள் இரவுகளில் மூச்சு இடறாமல் ஓடட்டும்; உலகுண்ட பெருவாயன் அவர்களைத் தன் பூமிக்குப் பாரமென ஒருநாளும் எண்ணாமல், பிள்ளைகளென்றே ஏந்திக் காக்கட்டும்.